துப்பாக்கி ஏன் உதைக்கிறது? 303 ரைபிளைச் சாதுவாக்கிய ஈயக் குண்டின் கதை

யூடியூபில் ஸ்க்ரோல் பண்ணும்போது இப்படி ஒரு வீடியோ உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். வயதான ஒருவர் சின்ன மின் அடுப்பில் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தட்டிக் குண்டாக எடுக்கிறார். அடுத்த காட்சியில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரைபிளில் அதைப் போட்டுச் சுடுகிறார். காதைப் பிளக்கும் சத்தம் இல்லை. தோள் பெரிதாக அசையவில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம், அட்டையில் ஓட்டை. அவ்வளவுதான். பிறகு பக்கத்தில் நிற்கும் பேத்தியிடம் துப்பாக்கியைக் கொடுக்கிறார்.

இதை சேத்தியாத்தோப்பில் நெய்வேலி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவி பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்.சி.சி கேடட். எடை 45 கிலோ. அடுத்த வாரம் கேம்ப்பில் முதல் ஃபயரிங். “தோள் கழண்டுடும் பாரு” என்று சீனியர்கள் ஏற்கெனவே பயமுறுத்தியிருக்கிறார்கள்.

அவருக்கு மூன்று கேள்விகள் வரும். அந்தப் பழைய ராணுவ ரைபிள் எப்படி உதைக்காமல் சுட்டது? ராணுவம் பயன்படுத்திய துப்பாக்கிக்கு எதற்காக இவ்வளவு லேசான தோட்டா? இதை நம்ம ஊரில் செய்ய முடியுமா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உதை எங்கிருந்து வருகிறது?

பத்தாம் வகுப்பு இயக்க விதிகள் பாடம்தான். குண்டு முன்னால் போனால், துப்பாக்கி பின்னால் வரும். குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்கும் உண்டு. கூடவே, எரிந்த மருந்தின் வாயு ராக்கெட் மாதிரி பேரல் முனையிலிருந்து பீறிட்டுக் கிளம்பும். அதன் பங்கும் தோளில்தான் வந்து சேரும்.

நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ‘த்ரீ நாட் த்ரீ’யையே எடுத்துக்கொள்வோம். லீ-என்ஃபீல்டு ரைபிள். பேரலின் உள்விட்டம் .303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர். அதனால்தான் அந்தப் பெயர். 1910-ல் வந்த ‘மார்க் 7’ தோட்டாவில் குண்டின் எடை 174 கிரெயின். நம் கணக்கில் 11.3 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 744 மீட்டர்.

நான்கு கிலோ எடையுள்ள ரைபிளில் இதைச் சுட்டால், பின்னால் வரும் ஆற்றல் ஏறக்குறைய 16 ஜூல். புரிகிற மாதிரி சொன்னால், ஒன்றரை கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தோளில் போட்ட மாதிரி.

இப்போது அதே ரைபிளில் ஏழரை கிராம் எடையுள்ள வார்ப்பு ஈயக் குண்டு. வேகம் விநாடிக்கு 400 மீட்டர். மருந்தும் கொஞ்சம்தான். உந்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் உதை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இரண்டு ஜூலுக்கும் கீழே. அதே அரிசிப் பையை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகத் தூக்கி, தோளில் வைத்த மாதிரி.

யூடியூப் பெரியவரின் ரகசியம் இதுதான். துப்பாக்கியை அவர் மாற்றவில்லை. உள்ளே போடுவதை மட்டும் மாற்றினார்.

வலியைவிடப் பெரிய சிக்கல், பயம்

“ஒரு உதைதானே, தாங்கிக்கலாம்” என்று தோன்றும். உண்மையில் தோள் தாங்கிக்கொள்ளும். மனசுதான் தாங்காது.

முதல் இரண்டு ரவுண்டு சுட்டதும், அடுத்த உதை எப்போது வரும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. மூன்றாவது முறை ட்ரிகரை இழுக்கும் முன்பே கண் மூடுகிறது, தோள் சுருங்குகிறது, கை வெடுக்கென்று இழுக்கிறது. குண்டு எங்கோ போகிறது. இது சுடுபவருக்கே தெரியாமல் நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்களிடம் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே, சுடுபவருக்குத் தெரியாமல் ஒரு டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார்கள். ட்ரிகரை இழுத்தால் ‘க்ளிக்’ மட்டும். ஆனாலும் பேரல் முனை ‘டக்’ என்று கீழே இறங்கும். இல்லாத உதைக்கு உடம்பு பயந்துவிட்டது!

ஒருமுறை பழகிவிட்டால் இந்தப் பழக்கம் லேசில் போகாது. எனவே, புதிதாகக் கற்பவருக்கு முதலில் உதைக்காத தோட்டா. பார்வை, மூச்சு, ட்ரிகர் மூன்றும் கைவந்த பிறகே முழு பலமுள்ள தோட்டா. இதுதான் சரியான வரிசை.

ராணுவங்களுக்கு இது எப்போது புரிந்தது?

1880களிலேயே பிரிட்டிஷ் ராணுவம் ‘மாரிஸ் குழாய்’ என்ற ஒன்றைப் பயன்படுத்தியது. மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் தடித்த பேரலுக்குள் இன்னொரு மெல்லிய பேரலைச் செருகி, பட்டாணி அளவு குண்டைச் சுட்டுப் பழகுவது. செலவும் குறைவு, இடமும் அதிகம் வேண்டாம்.

பெரிய பாடம் தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், சிறு வயதிலிருந்தே துப்பாக்கியோடு வளர்ந்த விவசாயிகள், பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் சிப்பாய்களை வெகு தூரத்திலிருந்தே குறிபார்த்து வீழ்த்தினார்கள். பிரிட்டனில் ஒரே அதிர்ச்சி. அந்தப் போரில் தளபதியாக இருந்த லார்டு ராபர்ட்ஸ் நமக்கு அந்நியர் இல்லை. 1880களின் முதல் பாதியில் மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். சாதாரண மக்களும் சுடப் பழக வேண்டும் என்று அவர் கொடுத்த உந்துதலில், 1901-ல் சிறுரக ரைபிள் கிளப்புகளின் சங்கம் பிரிட்டனில் தொடங்கியது. சின்ன .22 தோட்டா ஊர் ஊராகப் பரவியது அதற்குப் பிறகுதான்.

முழு அளவு ரைபிள்களுக்கும் ‘கேலரி’ தோட்டாக்கள் வந்தன. கேலரி என்றால் இங்கே குட்டையான, பெரும்பாலும் சுவருக்குள் அமைந்த பயிற்சிக்கூடம். அதில் முழு பலத்தில் சுட முடியாது. அதனால் ஈயக் குண்டும் குறைந்த மருந்தும் போட்ட தோட்டாக்களைத் தயாரித்தார்கள். பிரிட்டன் 303-க்குச் செய்தது. அமெரிக்கா தன் .30 ரைபிள்களுக்குச் செய்தது. ஆக, யூடியூபில் பெரியவர் செய்து காட்டுவது புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ராணுவங்கள் கைவிட்ட பழைய பயிற்சி முறையை, பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 80, 100 வயதான ரைபிளுக்கும் அது நல்லது. அழுத்தம் குறைவு, சூடு குறைவு, பேரல் தேய்மானமும் குறைவு.

ஏன் ஈயம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம். குண்டுக்குப் பயன்படுவது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயம் நச்சு.

காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். காரீயம் கனமானது, மலிவானது, மெத்தென்றது. பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகளை எளிதாகப் பற்றிக்கொண்டு சுழலும். போர்க்கால அவசரத்தில் செய்த லீ-என்ஃபீல்டு பேரல்களின் உள்விட்டம் ஒன்றுக்கொன்று மாறுபடும். வார்ப்புக் குண்டு என்றால், அந்தந்தப் பேரலுக்கு ஏற்றபடி ஒரு நூல் பெரிதாக வார்த்துக்கொள்ளலாம். தொழிற்சாலைக் குண்டில் இந்த வசதி இல்லை.

ஆனால் அதே மென்மைதான் சிக்கலும். வேகம் கூடினால் ஈயம் பேரலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். அதன் பிறகு குறி தப்பும். இதற்கு மூன்று தீர்வுகள்.

ஒன்று, கலவை. கொஞ்சம் வெள்ளீயமும் ஆண்டிமனியும் சேர்த்தால் ஈயம் கடினமாகும். இதே மூன்று உலோகங்களின் கலவைதான் கணினி வருவதற்கு முன்பு அச்சகங்களில் எழுத்து வார்க்கப் பயன்பட்டது. லைனோடைப் இயந்திரத்தின் பழைய உலோகத்துக்கு குண்டு வார்ப்பவர்கள் மத்தியில் இன்றைக்கும் கிராக்கி உண்டு. ஒரு காலத்தில் நாளிதழின் தலைப்பை அச்சடித்த உலோகம் அது!

இரண்டு, அடிமூடி. குண்டின் அடியில் சின்னச் செம்புக் கிண்ணம் ஒன்றை மாட்டுவது. சூடான வாயு நேரடியாக ஈயத்தை உருக்காமல் இது தடுக்கும்.

மூன்று, கொழுப்பு. குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் தேன்மெழுகு போன்ற ஒன்றை நிரப்புவார்கள். இந்த மூன்றாவது விஷயம் நமக்கு நன்றாகவே தெரியும். 1857-ல் என்ஃபீல்டு துப்பாக்கியின் புதிய தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறார்கள் என்ற செய்தி கொல்கத்தா அருகே டம்டமில்தான் முதலில் கிளம்பியது. பிறகு நடந்தது வரலாறு. ஈயக் குண்டு பேரலில் ஒட்டாமல் போக எண்ணெய்ப்பசை வேண்டும் என்ற சாதாரண தொழில்நுட்பத் தேவை, ஒரு சாம்ராஜ்யத்தையே உலுக்கிய கதை அது.

மெதுவாகப் போனால் குறி மாறும்

லேசான தோட்டாவில் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. 100 மீட்டர் தூரத்தை முழு பல 303 குண்டு ஏறக்குறைய 0.14 விநாடியில் கடக்கும். அதற்குள் ஈர்ப்பு விசை அதைச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இழுக்கும். 400 மீட்டர் வேகத்தில் கிளம்பும் ஈயக் குண்டு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். சுமார் 35 சென்டிமீட்டர் இறங்கும். லீ-என்ஃபீல்டின் குறிப்பட்டையில் 2,000 கெஜம் வரை எண்கள் உண்டு. அவை எல்லாம் முழு பலத் தோட்டாவுக்கான கணக்கு. ஈயக் குண்டுக்கு எந்த எண்ணை வைப்பது என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வீடியோவில் அதைப் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். 303-ன் தோட்டா உறை பெரியது. அதில் போடும் மருந்து இங்கே கொஞ்சம். ஐந்து லிட்டர் குக்கரில் அரை டம்ளர் அரிசி போட்ட மாதிரி. கவனம் சிதறி இரண்டு முறை போட்டுவிட்டாலும் வெளியே தெரியாது, வழியாது. வேகமாக எரியும் மருந்து இரட்டிப்பானால் ரைபிளே வெடிக்கும். மருந்து குறைந்துபோனால் வேறொரு ஆபத்து. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் பிளந்துவிடும், சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்திலேயே.

பழைய கார் பேட்டரி ஈயத்தை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களே தொட மாட்டார்கள். அதில் இருக்கும் மற்ற பொருட்கள் ஈரத்தோடு சேர்ந்து கொடிய வாயுக்களைக் கிளப்பலாம். காரீயத்தைப் பொறுத்தவரை ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற அளவே உடம்புக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கையில் படும் தூசு வாய்க்குப் போவதும், குழந்தைகள் தொடுவதும்தான் பெரிய கவலை.

லேசான குண்டு ஆபத்தில்லாததா?

இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். உதை குறைந்தது சுடுபவருக்கு மட்டும்தான். குண்டுக்கு முன்னால் இருப்பவருக்கு உயிராபத்து நீங்கவில்லை.

1890களில் டம்டம் ஆயுதசாலையின் கண்காணிப்பாளர் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே, 303 குண்டின் நுனியில் உலோக உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். உடம்பில் பட்டதும் அது விரிந்து பெரிய காயத்தை உண்டாக்கியது. ‘டம்டம் குண்டு’ என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது. 1899 ஹேக் மாநாட்டில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் வந்தது. மெத்தென்ற ஈயம் சாதுவானது இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தூரமும் அப்படித்தான். சின்ன .22 குண்டுகூட ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். ராணுவத் தோட்டாக்கள் அதைத் தாண்டியும் போகும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினர் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து தப்பிவந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில், 2022 ஜனவரி 3 அன்று, அந்தக் குழந்தை இறந்துபோனான். பயிற்சித் தளத்தில் குண்டைத் தடுக்கும் மண்மேடு ஏன் முக்கியம், எந்த இடத்தில் எந்தத் தோட்டா என்ற விதி ஏன் முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, இங்கே செய்யலாமா?

ஒரே வரியில் பதில்: கூடாது.

அமெரிக்காவில் தன் சொந்தத் துப்பாக்கிக்கு வீட்டில் தோட்டா செய்துகொள்வது சாதாரணப் பொழுதுபோக்கு. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் முற்றிலும் வேறு. அதன் 2-வது பிரிவில் தோட்டா என்பதன் விளக்கத்திலேயே, தோட்டாவின் பாகங்களும் தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். அதாவது உள்ளே மருந்து இருந்தால்தான் குற்றம் என்று இல்லை. 5-வது பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சமே ஏழு ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள்.

“வீடியோவுக்காக சும்மா ட்ரை பண்ணினேன்” என்பதெல்லாம் கோர்ட்டில் எடுபடாது.

303 ரைபிளே நம் ஊரில் தனிநபருக்குத் தடை செய்யப்பட்ட வகையில் வருகிறது. ராணுவத் தோட்டா வெளியே கசிந்துவிடக் கூடாது என்ற பயம் பிரிட்டிஷ் காலத்திலேயே ஆரம்பித்தது. கொல்கத்தா அருகே இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில், லீ-என்ஃபீல்டுகளை ஒரே ஒரு தோட்டா போடும் .410 மஸ்கட்டாக மாற்றி, காவலுக்குக் கொடுத்தார்கள். அதில் 303 தோட்டாவைப் போட்டுச் சுட முடியாது. திருடுபோனாலும் பெரிய பயன் இருக்காது. இதுவும் லேசான தோட்டாதான். ஆனால் நோக்கம் கற்றுக்கொடுப்பது இல்லை, கட்டுப்படுத்துவது. லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்காக லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 ரைபிள் வந்ததற்கும் இந்த ராணுவ அளவுத் தடைதான் பின்னணி.

போலீஸ் கையில் மட்டும் 303 நீண்ட காலம் இருந்தது. 2008 மும்பை தாக்குதலின்போது சி.எஸ்.டி ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்ற போலீஸார் சிலரிடம் இருந்தது இதுதான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் இதற்கு முறைப்படி விடைகொடுத்தது.

நம்ம ஊர் பதில்

அப்படியானால் சேத்தியாத்தோப்பு மாணவிக்கு? பயப்படத் தேவையில்லை. அவருக்கான லேசான ஈயக் குண்டு கேம்ப்பில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

1948-ல் தொடங்கிய என்.சி.சி-யில் கேடட்கள் பழகுவது .22 ரைபிளில். பல தலைமுறை கேடட்கள் கையில் எடுத்த ‘நம்பர் 2’ ரைபிள், உருவத்தில் அசல் லீ-என்ஃபீல்டுதான். அதே உடம்பு, அதே போல்ட், ஏறக்குறைய அதே எடை. பேரல் மட்டும் .22. இலக்கு 25 கெஜம் தூரத்தில். குண்டு 2.6 கிராம் எடையுள்ள ஈயம். நாம் பார்த்த அரிசிப் பைக் கணக்கில், ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து வைத்த மாதிரிதான் உதை. தோள் கழண்டுவிடும் என்று சொன்ன சீனியர் சும்மா கலாய்த்திருக்கிறார்.

அவர் செய்ய வேண்டியது நான்கே விஷயம். கட்டையைத் தோள்குழியில் இடைவெளி இல்லாமல் அணைத்துக்கொள்வது. கன்னத்தை அதில் பதிப்பது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது. ட்ரிகரை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி மெதுவாக அழுத்துவது. சத்தம் எப்போது வரும் என்று எதிர்பார்க்காமல் இருந்தால், பாதி வேலை முடிந்தது. முடிந்ததும் சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈயம்!

என்.சி.சி முடிந்த பிறகும் ஆர்வம் இருந்தால் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித் பதக்கம் வென்றபோது, இப்படி ஒரு விளையாட்டு நம் ஊரிலும் இருக்கிறது என்று பலருக்கும் தெரியவந்தது. அங்கே பெரும்பாலோர் தொடங்குவது ஏர் ரைபிளில். 4.5 மில்லிமீட்டர் அளவில், அரை கிராம் எடையில் ஒரு பெல்லட். மருந்தே கிடையாது, காற்றுதான் தள்ளுகிறது. உதை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெல்லட்டும் பெரும்பாலும் ஈயம்தான்.

11 கிராமில் தொடங்கி, ஏழரை, இரண்டரை, அரை கிராம் என்று குண்டு இளைத்துக்கொண்டே வந்த கதை இது. ஒவ்வொரு படியிலும் பயம் குறைந்தது, குறி கூடியது.

உலகத் தரவரிசையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் முதலிடம் வரை போய், டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவன், வளர்ந்தது குஜராத்தில். பிறந்தது கடலூரில். சேத்தியாத்தோப்பும் அதே மாவட்டம்தான்.